மாமியாரைப் பார்த்துக்கொள்ள லீவு கிடையாதா? டெக்ஸஸ் பல்கலைக்கழக ஊழியரின் கேள்வி

கேள்வி: டெக்ஸஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்றரை வருடமாக முழுநேர ஊழியராக இருக்கிறேன். ஹெச்-1பி விசா. பத்து நாள் முன்பு மன்னார்குடியில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, இப்போது தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருக்கிறார். வலது கை, கால் அசையவில்லை. வீட்டுக்கு அனுப்பினாலும் மூன்று மாதமாவது கூடவே ஆள் வேண்டும் என்கிறார் டாக்டர். கணவர் ஒரே பிள்ளை. ஆனால் இப்போதைய கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, லீவு கேட்கவே பயப்படுகிறார். நான் போகலாம் என்று ஹெச்.ஆரில் கேட்டால், "அந்தச் சட்டத்தில் மாமியார் வரமாட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் என் தோழி போன வருடம் மாமியாருக்காகவே லீவு எடுத்தாள். எனக்கு மட்டும் ஏன் இல்லை? எனக்கு அவர் வெறும் மாமியார் இல்லை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒன்பது வயதில் அம்மா இறந்த பிறகு, அப்பா துபாயில் இருந்ததால், கல்லூரி போகும்வரை அத்தை வீட்டில்தான் வளர்ந்தேன். என் கணக்கில் வெக்கேஷன் 96 மணி நேரமும் சிக் லீவு 210 மணி நேரமும் இருக்கின்றன.

பதில்: முதலில், அத்தை சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும். நீங்கள் போக வழி இருக்கிறது. அந்த வழி உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் இருக்கிறது. ஹெச்.ஆரிடம் அதை நீங்கள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெச்.ஆர். சொன்னது பொய் இல்லை. எஃப்.எம்.எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 1993இல் வந்த மத்தியச் சட்டம். பன்னிரண்டு மாதம் வேலை பார்த்து, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருந்தால், வருடத்துக்குப் பன்னிரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு உரிமை. திரும்பி வரும்போது அதே வேலை, அல்லது அதற்குச் சமமான வேலை. யாரைப் பார்த்துக்கொள்ள? கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர். பெற்றோர் என்ற சொல்லில் மாமனார், மாமியார் அடங்க மாட்டார்கள் என்று விதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் கணவருக்கு அவர் பெற்ற தாய், ஆனால் பன்னிரண்டு மாதம் நிறையவில்லை. உங்களுக்கு மாதக்கணக்கு நிறைந்திருக்கிறது, உறவு பொருந்தவில்லை. ஹெச்.ஆரின் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் அதே விதியில் இன்னொரு வாசகம் உண்டு. நீங்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாக இருந்தபோது பெற்றோர் இடத்தில் நின்று வளர்த்தவரும் சட்டத்தின் பார்வையில் பெற்றோர்தான். சட்டக்காரர்கள் இதை 'இன் லோக்கோ பேரன்டிஸ்' என்ற லத்தீன் பெயரில் சொல்வார்கள். ரத்த உறவு வேண்டாம், தத்துப் பத்திரம் வேண்டாம், நீதிமன்ற உத்தரவு வேண்டாம். சோறு போட்டது யார், காய்ச்சலில் கண் விழித்தது யார், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான் கேள்வி. ஒன்பது வயதிலிருந்து உங்களுக்கு அதையெல்லாம் செய்தவர் அத்தை. அவர் மகனைப் பிற்பாடு நீங்கள் கல்யாணம் செய்துகொண்டதால் அவர் மாமியார் ஆனார். அதனால் அவர் வளர்த்தது இல்லையென்று ஆகிவிடாது.

அப்பா உயிரோடு இருக்கிறாரே, துபாயிலிருந்து பணமும் அனுப்பினாரே என்று கேட்பார்கள். பெற்ற ஒருவர் உயிரோடு இருப்பது தடை இல்லை. தினசரிப் பராமரிப்பு, பணச் செலவு இரண்டையும் ஒருவரே செய்திருக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை கேட்பதும் இல்லை. அப்பா பணம் அனுப்பினார், அத்தை வளர்த்தார். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இது, உள்ளபடியே சொல்லுங்கள்.

இந்த உறவை நிரூபிக்க என்ன தர வேண்டும்? நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட எளிய அறிக்கை போதும். இப்படி எழுதுங்கள்: "என் தாய் இறந்தபின், ஒன்பது வயதிலிருந்து கல்லூரி போகும்வரை இவர் வீட்டில் வளர்ந்தேன். உணவு, பள்ளி, மருத்துவம் எல்லாவற்றையும் அன்றாடம் கவனித்தவர் இவர். சட்டப்படி என் பெற்றோர் இடத்தில் இருந்தவர். இப்போது என் கணவரின் தாயும் ஆவார்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறைத்தால் பின்னால் சிக்கல். வளர்த்த உறவு முதலில் வரட்டும், மாமியார் உறவு பின்னால் வரட்டும்.

கலிஃபோர்னியாத் தோழியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் உண்டு. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கும் அது பொருந்தும். 2022 ஜனவரி முதல் மாமனார், மாமியாரையும் சேர்த்திருக்கிறார்கள். நியூ ஜெர்சி, வாஷிங்டன் போன்ற மாநிலச் சட்டங்களிலும் அவர்கள் உண்டு. டெக்ஸஸில் தனியார் ஊழியருக்கு இப்படி ஒரு மாநிலச் சட்டமே கிடையாது. அரசு ஊழியர்களுக்கு, அதாவது உங்களைப் போன்ற அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கும், மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 661ஆம் அத்தியாயம் இருக்கிறது. உங்கள் வெக்கேஷனும் சிக் லீவும் அதன்படிதான் சேர்கின்றன.

அந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிக் லீவு மாதம் எட்டு மணி நேரம் சேரும். உடம்பு முடியாத குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ளவும் அதை எடுக்கலாம். ஆனால் யார் குடும்பத்தார்? ஒரே வீட்டில் வசிப்பவர் என்றால் ரத்தம், தத்து, திருமணம் எந்த வழி உறவும் சரி. வேறு வீட்டில் இருப்பவர் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டும், அதுவும் மருத்துவ ஆதாரத்தோடு. அத்தை உங்களோடு டெக்ஸஸில் இருந்திருந்தால் அந்த 210 மணி நேரமும் தடையில்லாமல் உங்களுக்குக் கிடைத்திருக்கும். மன்னார்குடியில் இருப்பதால், 'பெற்றோர்' என்ற சொல்லை மாநிலத்துக்கும் அதே பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டுப் பார்க்கலாம், கேளுங்கள். பணக் கணக்கை மட்டும் அதை நம்பிப் போடாதீர்கள்.

இதே அத்தியாயத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் சம்பளத்தோடு அவசர விடுப்பு உண்டு. அந்தப் பட்டியலில் கணவன் அல்லது மனைவியின் பெற்றோரும் இருக்கிறார்கள். மாமியாரின் காரியத்துக்குப் போகச் சம்பளத்தோடு லீவு தரும் சட்டம், அவர் கையைப் பிடித்து நடக்க வைக்கப் போகிறேன் என்றால் இல்லை என்கிறது. டெக்ஸஸ் சட்டமன்றம் மாற்ற வேண்டிய விஷயம் இது. மாமனார், மாமியாரைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மாநிலத்தில் இருக்கின்றன.

சரி, பணத்துக்கு வருவோம். மத்தியச் சட்டப்படி லீவு எடுக்கும் மாநில ஊழியர், தமக்குப் பொருந்தும் வெக்கேஷனையும் சிக் லீவையும் அந்தக் காலத்திலேயே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே 96 மணி நேர வெக்கேஷன் முதலில் கழியும், அது பன்னிரண்டு வேலை நாள். பன்னிரண்டு வாரம் என்பது அறுபது வேலை நாள். மீதி நாற்பத்தெட்டு நாளும் சம்பளம் இல்லாமல் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிக் லீவு அனுமதித்தால் லாபம். மருத்துவக் காப்பீடு வழக்கம்போல் தொடரும், உங்கள் பங்குத் தொகையை மட்டும் நீங்கள் கட்டிவர வேண்டும். சம்பளமே வராத மாதத்தில் அதை எப்படிக் கட்டுவது என்று போகும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரில் இருக்கும்போது தவணை தவறினால் பெரிய தலைவலி.

பன்னிரண்டு வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை. மருத்துவத் தேவை இருந்தால் பிரித்தும் எடுக்கலாம். இப்போது எட்டு வாரம், பிசியோதெரபி முடியும் சமயத்தில் நான்கு வாரம் என்று திட்டமிடலாம். அதற்குள் உங்கள் கணவருக்கு ஒரு வருடம் நிறைந்துவிடும். அவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் அவர் கம்பெனிக்கு ஐம்பது ஊழியர் இருந்தால், அவருக்கும் தனியாகப் பன்னிரண்டு வாரம் உண்டு. இருவரும் ஒரே முதலாளியிடம் இருந்தால்தான் பெற்றோருக்கான லீவைப் பங்கு போட வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது வேலை. இன்றே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு முப்பது நாள் முன் அறிவிப்பு வேண்டும். பக்கவாதம் சொல்லிவிட்டு வருவதில்லை, முடிந்த அளவு சீக்கிரம் சொன்னால் போதும். உங்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று ஐந்து வேலை நாளில் அவர்கள் சொல்ல வேண்டும். மருத்துவச் சான்று கேட்டால் உங்களுக்குக் குறைந்தது பதினைந்து நாள் அவகாசம். தஞ்சாவூர் டாக்டரின் சான்று செல்லும். அந்த நாட்டுச் சட்டப்படி தொழில் செய்ய அனுமதி பெற்ற மருத்துவர் என்பதே போதும். பல்கலைக்கழகம் இரண்டாவது கருத்துக் கேட்டாலும், அங்கே தொழில் செய்யும் மருத்துவரிடம் வாங்கியதை ஏற்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் அனுப்பாதீர்கள். எவ்வளவு நாள், எந்த வேலைக்கெல்லாம் இவருக்கு ஆள் துணை வேண்டும் என்பதை டாக்டர் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்து சான்றுகள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இடம் காலியாக இருப்பதால்தான்.

அப்புறம், லேப்டாப்பை எடுத்துப்போய் ராத்திரியில் ஊரிலிருந்தே வேலை பார் என்று மேலதிகாரி அன்பாகச் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை பார்த்த நேரம் விடுப்பாகாது, வெளிநாட்டிலிருந்து வேலை செய்யத் தனி அனுமதியும் வேண்டியிருக்கும்.

மறுத்தால்? மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவில் இலவசமாகப் புகார் செய்யலாம். வழக்குப் போட இரண்டு வருடம், தெரிந்தே செய்த மீறல் என்றால் மூன்று வருடம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே செல்லாது என்று யாராவது பயமுறுத்தினால் கேட்டுக்கொள்ளாதீர்கள். மனைவியைப் பார்த்துக்கொள்ள லீவு எடுத்த நெவாடா மாநில ஊழியர் ஹிப்ஸ் தொடர்ந்த வழக்கில், குடும்பத்தாருக்கான லீவை மறுத்தால் மாநிலத்திடமே இழப்பீடு கேட்கலாம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் சொந்த நோய்க்கான லீவு என்றால் அந்த வழி கிடையாது என்று 2012இல் கோல்மன் வழக்கில் சொன்னது. நீங்கள் கேட்பது முதல் வகை.

ஒருவேளை எல்லாக் கதவும் அடைத்தால், 661ஆம் அத்தியாயத்தின்படி சம்பளமில்லா விடுப்பாகப் பன்னிரண்டு மாதம் வரை பல்கலைக்கழகம் தரலாம். அது உரிமை இல்லை, அவர்கள் விருப்பம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீங்களே கேட்டு எடுக்கும் லீவுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்று ஹெச்-1பி விதியே சொல்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அது காட்டுவதில் ஒன்று, உடல்நலமில்லாத உறவினரைப் பார்த்துக்கொள்வது. எனவே சம்பளம் நின்றதால் விசா நிலை கெடாது. பாஸ்போர்ட்டில் விசா முத்திரையின் தேதியை மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். முடிந்திருந்தால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதுப்பிக்க ஆகும் நாட்களும் உங்கள் பன்னிரண்டு வாரத்துக்குள் அடங்க வேண்டும், ஏனென்றால் வேலைக்கான பாதுகாப்பு அதோடு முடிகிறது. லீவு அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள்: ஹெச்-1பியில் பொதுவாக ஆறு வருடம்தான் இருக்க முடியும், அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாட்களை அந்தக் கணக்கில் திரும்பச் சேர்த்துக் கேட்கலாம்.