கடிதமும் பதிலும்: யெலக்‌ஷன் என்று சொன்னால் என்ன?

வணக்கம் அண்ணாச்சி,

சார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்று முன்பு ஒரு பதிலில் படித்தேன். நானும் பாளையங்கோட்டைக்காரி, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். லண்டனுக்கு வந்து நாலு வருஷமாகிறது, ஹாரோவில் இருக்கிறோம். வேலை விசா, இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு இங்கே ஓட்டு இருக்கிறது என்பதே போன வருஷம்தான் தெரிந்தது. கவுன்சில் தேர்தலுக்கு வேலை செய்யலாம் என்று ஒரு கட்சியின் உள்ளூர் ஆபீசில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். முதல் நாள் போன் பேசும் வேலை. எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் படித்தேன். ஐந்தாவது ஆள், நான் பேசி முடிப்பதற்குள், "என் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நன்றி" என்று வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலிப் பையன் சிரித்துவிட்டான், கெட்ட எண்ணத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் படித்துக் காட்டினேன், ஏழு வயது. "அம்மா, நீ யெலக்‌ஷன் என்கிறாய், அதில் யெ கிடையாது" என்றாள். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு வாரமாக ஆபீசிலிருந்து வரும் மெசேஜ்களுக்குப் பதில் போடவில்லை. பேச்சைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டு அடுத்த தேர்தலில் பார்க்கலாமே என்கிறார் கணவர். உங்களுக்கு இப்படி ஆனதுண்டா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

ஆனதுண்டாவா? 2010 பொதுத்தேர்தலில் முதல்முதலாகக் கதவு தட்டப் போனேன். அன்றிலிருந்து ஆகிக்கொண்டேதான் இருக்கிறது.

முதலில் அந்த யெ. நாம் எருமையை யெருமை என்றும் ஒன்றை வொண்ணு என்றும் சொல்லி வளர்ந்தவர்கள். சொல்லின் முதலில் எகரம் வந்தால் நாக்கு தானாக ஒரு யகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். நாகர்கோவிலில் சுவரில் எம்.எல்.ஏ. என்று எழுதியிருப்பதை யெம்மெல்லே என்று வாசிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அதைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு வாரத்தில் கழற்றிவிட முடியாது. மகள் திருத்துவதைத் திருத்தட்டும், அது அவள் வயசுக்கு ஒரு விளையாட்டு. என் மகன் இருபது வயதிலும் செய்கிறான்.

அப்புறம் அந்த போன். உங்களைப் போட்டிருக்கவே கூடாத வேலையில் முதல் நாளே போட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் லேண்ட்லைன் வைத்திருக்கிற வயதானவர்களுக்கு, இந்திய உச்சரிப்பில் ஒரு குரல் முன்பின் தெரியாமல் கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று சொல்லிப் பணம் பறிக்கிற கும்பல்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். எத்தனையோ பேர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். போனில் உங்களுக்கு முகம் கிடையாது, சட்டையில் கட்சி நிறத்து ரிப்பன் பூவான ரொசெட் கிடையாது, பின்னால் தெரு கிடையாது, குரல் ஒன்றுதான். அவர் வைத்தது உங்களிடம் இல்லை, அந்தத் திருடர்களிடம். நான் போன் வேலை செய்வதில்லை. கேட்டால் நேராகவே சொல்லிவிடுவேன், எனக்குக் கதவு கொடுங்கள் என்று.

கதவு வேறு மாதிரி. நம்மூரில் ஓட்டுக் கேட்பதென்றால் ஆட்டோவில் மைக், பின்னால் முப்பது பேர், கும்பிட்டபடி வேட்பாளர், வாசலில் ஆரத்தி. இங்கே ஐந்தாறு பேர் ஒரு தெருமுனையில் மழைக்கோட்டோடு நிற்போம். ஒருவர் கையில் அந்தத் தெருவின் வாக்காளர் பட்டியல். அதற்குப் பெயர் போர்டு, இப்போது போனில் பார்க்கிறார்கள், ஆனாலும் பெயர் போர்டுதான். அவர் "பதினான்காம் நம்பர், இரண்டு ஓட்டு" என்பார், நீங்கள் போய் பெல்லை அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி வீட்டில் கதவே திறக்காது. திறந்தால், இன்ன கட்சியிலிருந்து வருகிறேன், இந்தத் தடவை எங்களுக்குப் போடுவீர்களா, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு நிமிஷம். யாரையும் வாதம் பண்ணி மாற்றுவது வேலையே இல்லை, வாதத்தில் இறங்கினால் போர்டுக்காரர் தெருவிலிருந்து கூப்பிட்டுவிடுவார். ஆம், இல்லை, இன்னும் முடிவு செய்யவில்லை, இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னால் போதும். ஓட்டுப்பதிவு நாளில் எந்தக் கதவை மறுபடி தட்டி "இன்னும் போகலையா" என்று கேட்பது என்பதற்காகத்தான் இத்தனை நடை.

எழுதிக் கொடுத்ததைப் படிக்காதீர்கள். அதை ஆக்ஸ்போர்டில் படித்த யாரோ எழுதியிருப்பார்கள். உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். எலெக்‌ஷன் வரவில்லையா, வோட்டிங் என்று சொல்லுங்கள், மே மாதம் என்று சொல்லுங்கள், குப்பைத் தொட்டி என்று சொல்லுங்கள்.

குப்பைத் தொட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கிளாஸ்கோ கிழவர், ஸ்காட்லாந்துக்காரர். இருந்தது ஹாரோவில்தான், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு ஃப்ளாட். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்னது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, ஆங்கிலம்தானா என்றே சந்தேகம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவந்து, என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், தொட்டிகளுக்குப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்து போட்டிருந்த இரட்டைக் கட்டில் மெத்தையைக் காட்டினார். மழையில் நனைந்து பச்சை பிடித்திருந்தது. மூன்று விரலைக் காட்டினார். மூன்று வாரமா என்றேன். தலையை ஆட்டினார், மாசம். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன், கவுன்சிலுக்கு அனுப்புகிறேன் என்று கையால் எழுதுவதுபோல் காட்டினேன். எங்கள் போர்டில் அன்று வந்த நல்ல பதில்களில் அது ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து பத்து வார்த்தை பேசியிருப்போமா தெரியாது.

உச்சரிப்பு என்பது நமக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்காதீர்கள். கிராந்தம் என்ற சின்ன ஊரின் மளிகைக்கடைக்காரர் மகளான, பிரதமராக இருந்த தாட்சரே குரல் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் அந்தக் கனத்த குரலைக் கொண்டுவந்தார். துணைப் பிரதமராக இருந்த ஆஞ்சலா ரெய்னரை அவருடைய வட இங்கிலாந்து ஸ்டாக்போர்ட் பேச்சை வைத்துக் கிண்டல் செய்தவர்கள் எத்தனை பேர். வாயைத் திறந்ததும் நீ எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று எடைபோடுகிற ஊர் இது. நம்மைப் பார்த்தால் அவர்களால் எடைபோட முடிவதில்லை, இந்தியா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு வகையில் நமக்கு அது சௌகரியம்.

சரி, எல்லாக் கதவும் கிளாஸ்கோ கிழவர் இல்லை. ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கிலீஷ்காரர் யாராவது இருந்தால் பேசுகிறேன் என்றார். எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. அடுத்த கேட்டில் நின்ற எங்கள் அணிப் பெண்மணியைக் கூப்பிட்டேன், எழுபது வயது, வெள்ளைக்காரர். அவர் போய் பத்து நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வந்து, "நம்ம ஓட்டுதான்" என்றார். அன்றைக்குப் போர்டு என் கையில் இருந்தது. அந்த அம்மாவை நம் ஆதரவாளர் என்று குறித்துக்கொண்டது நான்தான். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, மறைப்பானேன். நூறு கதவுக்கு ஒன்றோ இரண்டோ இப்படி வரும். அங்கே நின்று பதில் சொல்லாதீர்கள், தெருவுக்கு வந்துவிடுங்கள், தனியாக ஒரு தெருவுக்குப் போகாதீர்கள்.

ஆனால் தங்கச்சி, உங்களை நான் எச்சரிக்க வேண்டியது அந்த அம்மாவைப் பற்றி இல்லை, உங்கள் ஆபீசைப் பற்றி. எங்கள் ஆபீசில் ரொம்ப நாள் ஒரு பழக்கம் இருந்தது. பட்டியலில் நீளமான பெயராக எது வந்தாலும் அந்தக் கதவு எனக்கு. நாயகம், லிங்கம், ராஜா என்று முடிந்தால் போதும், "இது உங்களுடையது" என்று நீட்டிவிடுவார்கள். நானும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன். சவுத் ஹாரோ பக்கம் ஒரு வீட்டில் கதவைத் திறந்த ஐயாவிடம் தமிழில் ஆரம்பித்தேன், இங்கேயாவது உச்சரிப்புப் பிரச்சினை இல்லை என்ற தைரியம். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன், "தம்பி இந்தியாவோ?" என்றார். லண்டனில் நீங்கள் தட்டப்போகிற தமிழ்க் கதவுகளில் பெரும்பாலானவை ஈழத்தவர் கதவுகள், அங்கே நம் திருநெல்வேலித் தமிழும் ஒரு உச்சரிப்புதான். "உள்ளுக்கு வாங்கோ" என்று உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். 2009-ல் உங்கட நாடு எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, கணக்குக் கேட்பதுபோல. கையில் கவுன்சில் தேர்தல் நோட்டீஸை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போர்டுக்காரர் இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். எழுந்திருக்கும்போதுதான் ஐயா விஷயத்துக்கு வந்தார்: "எங்கட வீட்டுக்கு மட்டும் ஏன் எப்பவும் தமிழ் ஆக்களை அனுப்புகினம்? மற்ற வீடுகளுக்கு வேட்பாளர் போறார்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் தமிழன் என்பதால் அவருக்கு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வேட்பாளர் வராததற்கு என்னை ஈடாக அனுப்புகிறார்கள் என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததில் தப்பும் இல்லை. ஆபீசில் போய்ச் சொன்னேன். மறுவாரம் வேட்பாளர் அந்த வீட்டுக்குப் போனார், வேண்டுமென்றே நான் கூடப் போகவில்லை. அன்றிலிருந்து தமிழ்க் கதவு பாதி, மற்றது பாதி என்று கறாராகக் கேட்டு வாங்குகிறேன். பொங்கல் விழாவில் வேட்பாளருக்கு வேட்டி கட்டிவிட மட்டும் நம்மைக் கூப்பிடுவார்கள், வார்டில் யாரை நிறுத்துவது என்ற கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அந்த வரிசையில் உங்களை நிறுத்துவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கணவர் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் காமன்வெல்த் நாட்டுக் குடிமகள், விசாவோடு இங்கே குடியிருக்கிறீர்கள், அதனாலேயே உங்களுக்கு ஓட்டு உண்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று ஓட்டுப்போட்டபோது, என் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் எனக்கு முன்னால் வந்தவர், அவருக்கு ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டோடு நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அன்று மாலை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு யகரத்துக்காக நாலு வருஷம் தள்ளிப்போடுவதா? லண்டன் கவுன்சில் தேர்தலில் பாதிப் பேர்கூடப் போய் ஓட்டுப்போடுவதில்லை. வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டை கேட்பார்கள், உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும். இது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிற நம்மவர்களிடம் போய்ச் சொல்ல உங்கள் ஆங்கிலமும் தமிழும் தாராளமாகப் போதும்.

தாதாபாய் நவுரோஜி முப்பது வயதை ஒட்டித்தான் பம்பாயிலிருந்து இங்கே வந்தார். ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு இங்குள்ள தொகுதிகள் இன்னும் வரவில்லை என்று பிரதமர் சாலிஸ்பரி 1888-ல் மேடையிலேயே பேசினார். 1892 நாடாளுமன்றத் தேர்தலில் லண்டனின் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் நவுரோஜி ஜெயித்தார், வித்தியாசம் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அத்தனை குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த ஒரு தேர்தலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், கடைசி நாள் யாரோ போய்த் தட்டிய அந்த நாலைந்து கதவுகளைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வாரமே மெசேஜுக்குப் பதில் போடுங்கள். போன் வேண்டாம், கதவு வேண்டும், முதல் நாள் வேறொருவரோடு ஜோடியாக என்று கேளுங்கள். ஓட்டுப்பதிவு நாளில் சாவடி வாசலில் நிற்கும் வேலையும் கேளுங்கள். நம்மூரில் பூத்துக்கு வெளியே மேஜை போட்டு சிலிப் எழுதிக் கொடுப்பார்களே, அதற்குத் தலைகீழ் மாதிரி, வருகிறவர்களிடம் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலை. விருப்பமிருந்தால் சொல்வார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர் பக்கத்திலேயே நிற்பார், பிஸ்கட் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் போடும் வேலையும் கட்டாயம் வரும். இங்கே தபால் துளை கதவிலேயே இருக்கும், உள்ளே முரட்டு பிரஷ், அதற்கும் உள்ளே சில வீட்டில் சத்தமே போடாமல் காத்திருக்கிற நாய். விரலை உள்ளே விடாதீர்கள். தட்டையான மரத் தோசைத் திருப்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, நோட்டீஸை அதன்மேல் வைத்துத் தள்ளுங்கள். 2017 தேர்தலுக்கு எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போனதை மனைவி திரும்ப அடுப்படிக்குள் விடவில்லை, நுனியில் இரண்டு பல் தடம் இருக்கிறது.