ஆழ்மனமும் அருணாசலமும்: கேள்வி பதில்

வேலூரில் பல வருடம் மனநல ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். ரமணரையும் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங்கையும் சேர்த்தே படித்துப் பழகியவள். இந்த இரண்டு வழிகளைப் பற்றி வட ஆற்காட்டுப் பக்கத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி ஆசிரியர்): யுங் சொன்ன நனவிலியும் நம் பெரியவர்கள் சொன்ன வாசனையும் ஒன்றுதானே அம்மா? அவர் ரமணரைப் பார்த்திருக்கிறாரா?

பதில்: பாதி தூரம் வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள் ஐயா. நமக்கே தெரியாத பதிவுகள் உள்ளே கிடந்து நம்மை ஆட்டிவைக்கின்றன என்பதில் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலிக்கும் யுங்குக்கும் சண்டை கிடையாது. பிரிவது அதற்கு அப்புறம்.

1913இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டோடு உறவு முறிந்த பிறகு யுங்குக்கு உள்ளேயிருந்து காட்சிகள் வெள்ளமாக வந்தன. கொந்தளிப்பு தாங்க முடியாதபோது யோகப் பயிற்சி செய்து தணித்துக்கொண்டார். தணிந்த மறுகணம் அந்தக் காட்சிகளோடு பேசத் திரும்பிப் போய்விட்டார். இந்தியர்கள் யோகம் செய்வது மனத்தில் எழும் இந்தக் கூட்டத்தையே இல்லாமல் ஆக்க, நான் செய்தது அதைத் தாங்கும் தெம்புக்காக என்ற பொருளில் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். அதே காட்சியை ரமணரிடம் கொண்டுபோயிருந்தால், ‘இதைக் கண்டது யார், அவனைப் பார்’ என்றிருப்பார். ‘நான்’ என்று ஒருவன் இல்லாமல் அறிவு எப்படி இருக்கும் என்று யுங் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ரமணரோ ஆழ்ந்த உறக்கத்தைக் காட்டுவார். அங்கே நான் இன்னார் என்ற நினைப்பு இல்லை, ஆனாலும் நீ இல்லாமல் போய்விடவில்லையே என்பார். இந்த இடத்தில் இரண்டு பேரையும் சமாதானம் பண்ணிவைக்கப் பலர் பாடுபடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறுபாடு உண்மையானது, அதை அப்படியே விட்டுவைத்தால்தான் இரண்டு பேரிடமும் கற்க முடியும்.

ரமணரை யுங் பார்க்கவில்லை. 1937 டிசம்பரில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தெற்கேயும் வந்தார், திருவண்ணாமலைக்கு மட்டும் போகவில்லை. நண்பரும் இந்தியவியல் அறிஞருமான ஹைன்ரிக் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூலுக்கு 1944இல் முன்னுரை தந்தபோது, போயிருக்கலாமோ என்று யோசிக்கிறார். மறுபடி வந்தாலும் இப்படியேதான் ஆகியிருக்கும் என்றும் சொல்கிறார். அடுத்தவர் கண்ட உண்மையைக் கடன் வாங்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதை மதிக்கிறேன். இருந்தாலும் அந்தச் சந்திப்பு நடக்காமல் போனதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

கேள்வி (ஆரணி): மதுரையில் ரமணருக்கு வந்த மரண அனுபவம் இப்போது டாக்டர்கள் சொல்லும் பேனிக் அட்டாக்தான் என்கிறான் என் மகன். எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: கோபப்படாதீர்கள் அம்மா, பையன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான். 1896 ஜூலை. பதினாறு வயது வேங்கடராமன் சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருக்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லை. திடீரென்று, செத்துப்போகப் போகிறேன் என்ற பயம் பிடிக்கிறது. இதுவரை கேட்டால் என் அறைக்கு வந்தவர்கள் பலர் சொன்னதுதான். தொடக்கம் ஒன்றுபோல இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வதில் ரமணருக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து அவன் செய்ததைப் பாருங்கள். ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கை காலை நீட்டிப் பிணம்போலப் படுத்து, உதட்டை மூடி, மூச்சையும் அடக்கி, சரி, சாவு வந்துவிட்டது, சாவது எது என்று பார்த்தான். உடம்பு கட்டையாகிவிட்டது, ஆனாலும் ‘நான்’ என்ற உணர்வு அணையவில்லை என்று கண்டான். அந்தப் பயம் அதற்குப் பிறகு அவனிடம் திரும்பவே இல்லை. பேனிக் வந்தவர் அடுத்தது எப்போது வருமோ என்று பஸ் ஏறவே பயப்படுவார். இந்தப் பையன் ஆறு வாரத்தில் தனியாகப் புறப்பட்டு, செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் சந்நிதியில் போய் நின்றான்.

உங்கள் மகனுக்கே அப்படிப் பயம் வருவதுண்டு என்றால் ஒன்று சொல்கிறேன். ரமணர் செய்தார் என்று மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். அப்புறம் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள், இதயமும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

கேள்வி (ராணிப்பேட்டை, தொழிற்சாலை மேற்பார்வையாளர்): பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறேன், தினமும் தியானம். ஆனால் வீட்டில் டம்ளர் இடம் மாறியிருந்தால்கூடக் கத்திவிடுகிறேன். எங்கே தப்பு?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி, ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் இப்படிப்பட்டவன் என்று நாம் ஒரு முகம் வைத்திருக்கிறோம். அதற்குப் பொருந்தாததையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். அப்படித் தள்ளியதைத்தான் யுங் நிழல் என்றார். ஆன்மீகப் பயிற்சி செய்கிறவருக்கு இது இன்னும் கூடும், ஏனென்றால் அவர் முகம் இன்னும் சுத்தமானது. கோபம் எனக்கு இருக்கவே கூடாது என்று நினைப்பவருக்கு அது டம்ளர் வழியாக வரும்.

ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதை விரிவாகப் பேசினார். காயத்தையும் கோபத்தையும் நேராகப் பார்க்காமல் ஆன்மீகத்தைப் பிடித்துக்கொண்டு தாண்டப் பார்ப்பது. நம் ஊரில் இதைத் தினம் பார்க்கிறேன். அப்பா பெல்ட்டால் அடித்ததைப் பற்றிக் கேட்டால் ‘அது என் கர்மா மேடம்’ என்று சிரிப்பார்கள். சிரிக்கும்போது தாடை மட்டும் இறுகியிருக்கும்.

‘நான் யார்?’ என்ற கேள்வி, ‘என் மனைவியிடம் ஏன் கத்தினேன்?’ என்ற கேள்விக்குப் பதிலாகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடுத்த தடவை கத்தியதும் மன்னிப்புக் கேளுங்கள். ராத்திரி உட்கார்ந்து, கத்திய அந்த நேரத்தில் உடம்பில் எங்கே சூடு ஏறியது, அந்தக் குரல் யாருடைய குரல்போல இருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். யார் குரல் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு முகம் நினைவுக்கு வரும். அங்கிருந்து ஒரு ஆலோசகரோடு பேசலாம். கிரிவலத்தை விட வேண்டாம். அந்த 14 கிலோமீட்டரில் பாதியாவது பேசாமல் நடங்கள்.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஆழ்மன உளவியல் எப்படிப் பார்க்கும்?

பதில்: வெளியூர் அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை ஜமதக்னி முனிவர் சொல்லைக் கேட்டுப் பரசுராமர் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறார். அப்புறம் வரம் வாங்கி அவளை எழுப்பும்போது தலையை வேறொரு பெண்ணின் உடலில் சேர்த்துவிடுகிறார். வைகாசி முதல் நாள் அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படுகிறது. கூட்டத்தில் நசுங்கி நின்று நானும் பார்த்திருக்கிறேன். தேங்காய் உடைபடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

தலை ஒரு குலம், உடல் தாழ்த்தப்பட்ட இன்னொரு குலம். வீடும் ஊரும் ‘தூய்மை’ என்று பிரித்துவைத்த இரண்டு, அம்மன் உருவில் ஒன்றாகிக் கண் திறக்கின்றன. விலக்கியது திரும்பி வந்து சேர்ந்தால்தான் மனம் முழுமையாகும் என்று யுங் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை இங்கே தெருவில் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தாயைக் கொன்ற மகனின் குற்ற உணர்வும் ஒளிக்கப்படாமல் கதையின் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் அம்மன் என்பவள் ‘வெறும் மனப் படிமம்’ என்று யாராவது முடித்தால் ஏற்காதீர்கள். வேண்டுதல் வைத்து நிற்கிறவளுக்கு அவள் அம்மன்தான். உளவியல் அதில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது.

கேள்வி (ஆம்பூர்): குண்டலினியை வீடியோ பார்த்து எழுப்பலாமா?

பதில்: வேண்டாம். உடலுக்குள் உறங்குவதாக யோகம் சொல்லும் சக்திதான் குண்டலினி, அது ஏறிப்போகும் நிலைகள் சக்கரங்கள். யுங் 1932இல் சூரிச்சில் குண்டலினி பற்றித் தொடர்ந்து பேசியவர், சக்கரங்களை மனம் முதிரும் படிகளாக விளக்கியவர். அவரே ஐரோப்பியர்கள் இதைப் பயிற்சியாக எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார். நம் மரபிலும் குரு இல்லாமல் இதைத் தொடச் சொன்னதில்லை.

கேள்வி (திருப்பத்தூர்): என் தங்கை பத்து நாள் மௌனப் பயிற்சிக்குப் போய் வந்தாள். வந்ததிலிருந்து தூக்கம் இல்லை, யாரோ கூப்பிடுவது கேட்கிறது என்கிறாள். ஞானம் முதிர்கிறது, கலைக்காதே என்கிறார்கள்.

பதில்: கலையுங்கள் தம்பி, இன்றைக்கே. தியானத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வேளைக்கு வயிறார சாப்பாடு போடுங்கள், தனியாக விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். தன்னை ஏதாவது செய்துகொள்ளும் பேச்சு வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தியானத்தில் உண்மையாகவே பழைய காயங்கள் மேலே வரும். தாங்கும் பலம் இருக்கும்போது வந்தால் நல்லது, இல்லாதபோது வந்தால் சிகிச்சை வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் ஆன்மீகப் பயிற்சி கெடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூக்கம் திரும்பி, டாக்டர் சரி என்ற பிறகு தியானத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (வேலூர், சத்துவாச்சாரி): கனவில் குரு வருவது உண்மையா? ஹம்ஃப்ரீஸ் கதையை நம்பலாமா?

பதில்: நம்ம ஊர்க் கதை இது. 1911இல் ஃப்ராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் ஆங்கிலேய போலீஸ் அதிகாரி வேலூருக்கு வந்தார். தெலுங்கு கற்றுக்கொடுத்த முன்ஷியிடம், உங்கள் குருவைத் தூக்கத்தில் பார்த்தேன் என்று சொல்லி, படங்களுக்குள் ரமணரின் சீடரான சமஸ்கிருதக் கவிஞர் காவ்யகண்ட கணபதி முனியைக் காட்டினார். முனிவர் அதற்குச் சில வருடம் முன்புவரை வேலூரில் ஆசிரியராக இருந்தவர். பிறகு ஹம்ஃப்ரீஸ் ஒரு மலைக்குகையையும் அதன் வாசலில் நிற்கும் சாதுவையும் வரைந்தார். அந்த வருடமே திருவண்ணாமலையில் விரூபாக்ஷ குகையில் ரமணரைச் சந்தித்தார். உலகத்துக்கு நான் உதவ முடியுமா என்று அவர் கேட்டதற்கு, முதலில் உனக்கு உதவிக்கொள் என்பதுதான் பதில்.

படம் பொருந்தியது எப்படி என்று என்னால் விளக்க முடியாது, விளக்கிக் கரைக்கவும் விருப்பமில்லை. உங்களுக்கு ஒரு கனவு வந்தால் சகுனம் பார்க்கப் போகாதீர்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் எழுதுங்கள், அர்த்தம் தேடாமல், வந்தது வந்தபடி. குரு என்ன சொன்னார் என்பதைவிட, அவர் முன்னால் நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று குறியுங்கள். பயமா, வெட்கமா, அழுகையா. கனவு உங்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.