அரங்கேற்றத்துக்காக நகையை மறுபடியும் மாற்றி வைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி நான். மனைவி தையல் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 32,000 ரூபாய் வருகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆறு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்கிறாள். கேரளக் கலாமண்டலத்தில் அவளை எட்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அங்கே இடம் குறைவு, அரங்கேற்றம் முடித்த பிள்ளை என்றால்தான் எடுபடும் என்று என் அக்கா வற்புறுத்துகிறார். மண்டபம், பக்கமேளம், சாப்பாடு என 4,00,000 ரூபாய் ஆகும். கையில் 1,50,000 இருக்கிறது. 12 பவுன் நகை, ஒவ்வொன்றும் 4 பவுனாக மூன்று ரசீதுகளில், 4,20,000 ரூபாய்க்கு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இருக்கிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதையே மாற்றி வைத்து மீதி 2,50,000 ரூபாயை எடுக்கலாமா? குழந்தைகள் கல்விக்கான முதலீட்டுக் காப்பீடு ஒன்றையும் முகவர் ஒருவர் பரிந்துரைக்கிறார்.

பதில்: உங்களைச் சிக்கலில் வைத்திருப்பது பள்ளியும் அல்ல, நடனமும் அல்ல, ஆண்டுதோறும் நகையைத் திருப்பிய அன்றைக்கே கூடுதல் தொகைக்கு மீண்டும் வைக்கும் பழக்கம்தான். நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். முதலில் வாங்கியது 2,00,000. 18 சதவீத வட்டியில் முதல் ஆண்டு முடிவில் 36,000 சேர்ந்ததும் 2,50,000க்கு மாற்றி வைத்தீர்கள். கைக்கு வந்தது 14,000. அடுத்த ஆண்டு வட்டி 45,000. 3,30,000க்கு மாற்றியபோது கைக்கு வந்தது 35,000. சென்ற மாதம் வட்டி ஏறக்குறைய 59,000 போக, 4,20,000 ரூபாய்க் கடனில் 31,000தான் கையில் கிடைத்தது. ஆக, நீங்கள் உண்மையில் செலவழித்தது 2,80,000. மீதி 1,40,000 முழுக்க வட்டி, அதையும் கடனாகவே வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். விலை ஏற ஏற நகை உங்களைக் காப்பாற்றுவது போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த ஏற்றத்தையும் வட்டி தின்றுகொண்டிருக்கிறது. இன்னும் 2,50,000 எடுத்தால் கடன் 6,70,000 ஆகும், வட்டி மட்டும் மாதம் பத்தாயிரத்தைத் தொடும். மழைக்காலத்திலும் இலையுதிர் மாதங்களிலும் பால் வெட்டு நின்று, ஒட்டுபால் எனப்படும் உறைந்த கழிவு ரப்பரின் காசை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது தாங்காது.

இனி அரங்கேற்றம். எட்டாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து அடிப்படையிலிருந்து பயிற்றும் இடம் கலாமண்டலம். தாளம் நிற்கிறதா, உடல் வளைகிறதா, சொன்னதைப் பிடித்துக்கொள்கிறாளா என்று ஆசிரியர்கள் பார்ப்பார்களே தவிர, மண்டபத்துப் புகைப்படங்களைப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். தவிர, 1930இல் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் முன்னின்று தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து அறியப்படும் நடனம் மோகினியாட்டம். கதகளியிலும் 2021 முதல் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான்கு லட்சம் செலவழித்துவிட்டு வேறொரு ஆட்ட மரபில் முதல் அடவிலிருந்து தொடங்கப்போகும் பிள்ளைக்கு அந்தச் செலவால் என்ன பயன்? மகளுக்கு மலையாளம் எழுதப் படிக்க வருமா என்பதை நீங்கள் எழுதவில்லை. திருவட்டாறு கோயிலில் கதகளி பார்க்கிற வட்டாரத்தில் பேச்சு வருவது பெரிதல்ல, ஆனால் பாடப்புத்தகம் வேறு. இந்த ஓராண்டில் அதற்கு ஒரு ஆசிரியரை வைத்தால் மாதம் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும்; சேர்க்கைக்கு உண்மையில் உதவும் செலவும் அதுதான்.

மொய்யில் பாதிப் பணம் திரும்பிவிடும் என்று அக்கா சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மொய் என்பது வட்டியில்லாக் கடன், அவ்வளவுதான். கொடுத்தவர் வீட்டு விசேஷங்களுக்கு அடுத்த பத்தாண்டுகளில் நீங்கள் திருப்பிச் செய்தாக வேண்டும். அத்தை சீர் செய்ய ஆசைப்படுகிறார் என்றால், மலையாள ஆசிரியருக்கான கட்டணத்தை அவரே ஏற்கட்டும். இதைச் சற்று மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

கையிலிருக்கும் 1,50,000 ரூபாயில் 1,40,000 கட்டி ஒரு ரசீதை மட்டும் திருப்புங்கள். அந்த 4 பவுனை, அதாவது 32 கிராமை, கிராம் 9,000 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டு விற்றால் 2,88,000 வரும். கழிவு போக 2,70,000 கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் 10,000 ரூபாயோடு சேர்த்து மற்ற இரண்டு ரசீதுகளின் 2,80,000 அடைந்துவிடும். ஒரு மாத வட்டியாக ஆறாயிரத்துச் சொச்சம் மட்டும் மேலே தேவைப்படும், அதை அன்றாட வருமானத்தில் சமாளிக்கலாம். கடன் தீர்ந்து 8 பவுன் வீட்டுக்கு வருகிறது. வட்டிக்குப் போயிருக்க வேண்டிய மாதம் 6,300 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், ஓராண்டில் 75,000க்கு மேல் விடுதிச் செலவுக்கும் போக்குவரத்துக்கும் சேர்ந்திருக்கும்.

முகவரின் பாலிசி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீட்டில் ஐந்தாண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது. உங்களுக்குப் பணம் தேவைப்படுவது அடுத்த ஆண்டு. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இடம் கிடைக்காமல் போனால் எல்லாம் முடிந்தது என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. சென்னை கலாக்ஷேத்திராவின் நான்காண்டுப் பட்டயப் படிப்பு பிளஸ் டூவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அங்கே இவளது பரதநாட்டியம் நேரடியாகவே பயன்படும். கலாமண்டலத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை அது இருக்கும் செறுதுருத்திக்கு மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதற்குக் கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம். குழித்துறையில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஷொர்ணூரில் இறங்கிவிடலாம், அங்கிருந்து பாரதப்புழைப் பாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும்.

இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அடகில் இருப்பது அவருடைய நகை. மூன்று ரசீதுகளையும் அவர் முன்னால் வைத்து, எந்த 4 பவுனை விற்பது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.