ஐடி வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போகலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம், இப்போது சோழிங்கநல்லூரில் இருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சர்வர் பராமரிப்பு வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். கையில் 95,000 ரூபாய் வருகிறது. போன வருடம் எங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து மெயில் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு மாமாவோடு லாரியில் போவேன். நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டலாம் என்றிருக்கிறேன். பிஎஃப் பணம் 12 லட்சம் வரும், அதைப் போட்டுச் சொந்த வண்டி எடுக்கலாமா? கார் லைசென்ஸ் எட்டு வருடமாக இருக்கிறது. மனைவி பள்ளி ஆசிரியை, பெண் குழந்தை யுகேஜி படிக்கிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் நினைப்பது முட்டாள்தனமா? நேராகச் சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: முட்டாள்தனம் இல்லை தம்பி. வீட்டில் சொல்லாமல் பிஎஃப் பணத்தை எடுத்து வண்டி வாங்கினால்தான் முட்டாள்தனம், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். மற்றதை உட்கார்ந்து பேசலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நானும் சங்ககிரி பக்கத்து ஆள்தான், 22 வருடம் ஸ்டீயரிங் பிடித்தவன். எங்கள் காலத்து டிரைவர்கள் எல்லாரும் ஒரே ஆசையில்தான் ஓட்டினோம், பையனோ பொண்ணோ படித்து நிழலில் உட்கார வேண்டும், இந்தப் புழுதி நம்மோடு போகட்டும் என்று. அப்படிக் கட்டிய ஃபீஸில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எத்தனையோ பேர். அங்கிருந்து ஒருவர் இந்தப் பக்கம் திரும்பி வர நினைக்கிறார் என்றதும் முதலில் மனசு கலங்கியது, அப்புறம் சந்தோஷமாகவும் இருந்தது. ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் ஷெட்டில் நிற்கிற வண்டிகள் இன்றைக்கு எங்கள் ஊரில் இருக்கின்றன, அதனால் ஆள் தேவை என்பது உண்மை.

ஆனால் எதற்காக அந்த வேலையை விடுகிறீர்கள் என்பதை ஒரு தடவை யோசியுங்கள். தூக்கம் கெடுகிறது என்பதற்காக என்றால், லாரியில் தூக்கம் இன்னும் கெடும். சென்னைக்குள் பகலில் பெரிய வண்டியை விடமாட்டார்கள், காய்கறி லோடு விடியும் முன்னே மார்க்கெட்டில் இறங்கியாக வேண்டும், அதனால் ராத்திரி ஓட்டம்தான் அதிகம். 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது, என் 22 வருடத்தில் அந்தக் கணக்குப்படி வேலை வாங்கிய ஒரு முதலாளியைக்கூட நான் பார்த்ததில்லை. மேனேஜர் தொல்லை தாங்கவில்லை என்றால் இங்கே ஜிபிஎஸ் இருக்கிறது, டீக்கடையில் இருபது நிமிடம் நின்றால் "வண்டி ஏன் நிக்குது" என்று போன் வரும். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு போகிறது என்றால் இங்கேயும் உட்கார்ந்துதான் வேலை. தண்ணீர் குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டுமே என்று குடிக்காமல் ஓட்டி எனக்குக் கிட்னியில் கல் வந்தது, கூட ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு மூலம், சுகர்.

சரி, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். லோடு இறங்கி, ரசீதில் கையெழுத்து வாங்கி, தார்ப்பாயை மடித்து மேலே போட்டுக் கயிறு கட்டிவிட்டால் அந்த வேலை அங்கேயே முடிந்தது, படுக்கப் போகும்போது நம்மோடு வராது. சரக்கோடு 28 டன் எடையை ஒரு கீறல் இல்லாமல் நாலு மாநிலம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறவனுக்கு ஒரு நிறைவு வரும் பாருங்கள், அதற்காகத்தான் நான் இத்தனை வருடம் இருந்தேன். ஆனால் ஓட்டுவது பாதிதான். மீதி காத்துக் கிடப்பது. தொழிற்சாலை வாசலில் லோடுக்கு ஒரு நாள், இறக்குவதற்கு இரண்டு நாள், காத்திருந்ததற்கு ஹால்டிங் காசு கேட்டால் வாய்ச்சண்டை. அந்த நேரத்தில் பொறுமை போகாத ஆளா நீங்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஹெவி லைசென்ஸ் வாங்கிய புதிது, செகண்ட் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப்போய் நாசிக்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வெங்காயத்தோடு திரும்பி வருகிறோம். பெரிய டிரைவர் பின்னால் படுத்திருந்தார். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் பிடித்தால் முதலாளி மெச்சுவார் என்று நியூட்ரலில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பிரேக் லைனிங் கருகுகிற வாடை, பெடலை மிதித்தால் வண்டி பிடித்தும் பிடிக்காமலும் போகிறது. வாடையிலேயே அவர் எழுந்துவிட்டார், இன்னும் வேகம் கூடுவதற்குள் கியரைப் போட வைத்து, ஓரம் கட்ட வைத்து, பிரேக் டிரம் தானாக ஆறுகிற வரை அரை மணி நேரம் நிறுத்தினார், நான் தண்ணீர் ஊற்றப் போனேன், டிரம் வெடித்துவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவே இல்லை. "ஏறுற கியர்லயே எறங்கணும்டா" என்றார், அவ்வளவுதான். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறச் சூடேற லைனிங் பிடிப்பு போய்விடும். அந்தக் கணவாயில் இன்றுவரை நடக்கிற விபத்துகளைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு முதலில் வேண்டியது அப்படி ஒரு பெரிய டிரைவர். வேலையை விடாதீர்கள், இருபது நாள் லீவு போடுங்கள். மாமாவோ அவருக்குத் தெரிந்தவரோ ஓட்டுகிற வண்டியில் ஒரு முழு டிரிப் போய்வாருங்கள், போக வர. இப்போது கிளீனர் யாரும் கிடைப்பதில்லை, கூட ஒரு ஆள் வருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். தார்ப்பாய் கட்டுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு டயர் மாற்றுங்கள், ஸ்டவ்வில் சோறு பொங்குங்கள், பங்க் ஓரத்தில் குளியுங்கள். லீவில் மாமாவோடு போன பையனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது, மாமாதான் எல்லாம் பார்த்திருப்பார்.

லைசென்ஸ் விஷயம் லேசு. கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால், 20 வயது முடிந்திருந்தால், கனரக வண்டிக்கு எல்எல்ஆர் போடலாம். டாக்டரிடம் ஃபார்ம் 1ஏ, டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ், அப்புறம் ஆர்டிஓ முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். காசு கொடுத்தால் ஓட்டாமலே வாங்கித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், பழகாத கையில் 28 டன்னைக் கொடுப்பது ஊராருக்குச் செய்கிற துரோகம். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சி மையம் இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம்தான். இன்னொன்று, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்புப்படி, கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம். அதனால் டாடா 407 மாதிரி ஒரு வண்டியை ஆறு மாதம் சனி ஞாயிறில் ஓட்டிப் பாருங்கள். சுமையோடு திரும்புவது, ரிவர்ஸில் சந்துக்குள் போவது எல்லாம் அதில் கை வரும். நாமக்கல் என்றதும் எல்லாருக்கும் கேஸ் டேங்கர் ஞாபகம் வரும், அதற்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி வேண்டும், முதல் மூன்று வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வருமானம். மாதச் சம்பளத்தோடு தினப் பேட்டா கொடுப்பவர்கள் உண்டு, வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசுபவர்களும் உண்டு. எப்படிக் கூட்டினாலும் இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துத்தான் குடும்பக் கணக்குப் போட வேண்டும். அதில் வாழ முடியுமா என்பதை உங்கள் மனைவியோடு சேர்ந்து பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

சொந்த வண்டி வேண்டவே வேண்டாம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. இங்கிருந்து நாசிக் 1,200 கிலோமீட்டருக்கு மேல், லோடு வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் 300 லிட்டர், டீசலுக்கு மட்டுமே ஒரு பக்கத்துக்கு 27,000 ரூபாய் பக்கம் வந்துவிடும். அதன்மேல் டோல், பேட்டா, டியூ, இன்சூரன்ஸ், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பெர்மிட், டயர். திரும்பி வர லோடு கிடைக்காவிட்டால் காலியாக வர வேண்டும், இல்லை கிடைத்த வாடகைக்கு ஏற்ற வேண்டும். எந்த புரோக்கர் வாடகையை ஒழுங்காகத் தருவார், எந்த ஊரில் எந்த மாதம் என்ன லோடு என்பது தெரியாமல் வண்டி எடுத்து, டியூ கட்ட முடியாமல் இழந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் ஒரு வருடக் குடும்பச் செலவை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். குழந்தை பெயரில் கொஞ்சம். தனி மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஏனென்றால் கம்பெனி காப்பீடு வேலையோடு போய்விடும்.

நீங்கள் படித்தது வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டுதான் இ-வே பில், அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும், வண்டி வழியில் பழுதாகி நாள் கடந்தால் முடிகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். இது தெரியாமல் அபராதத்தில் மாட்டிய டிரைவர்கள் நிறைய. புகைக் கட்டுப்பாடு உள்ள புது பிஎஸ்6 வண்டியில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்), சென்சார் என்று விளக்கு எரிந்தால் பழைய ஆட்கள் மிரண்டுவிடுகிறார்கள், உங்களுக்கு அது பயமாக இருக்காது. பத்து வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு ஓட்டவும் தெரிந்து இதுவும் தெரிந்த ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஓட்டிப் பழகிய பிறகு அப்படி ஓர் இடத்தில் வண்டி மேலாளராகவும் உட்காரலாம், அப்போது டிரைவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

கடைசியாக வீடு. ஒரு டிரிப்புக்குப் பத்து நாள், பதினைந்து நாள் போய்விடும். என் மகள் நடக்க ஆரம்பித்தது, பூப்பெய்தியது, இரண்டுக்கும் நான் ரோட்டில் இருந்தேன். அந்த இரண்டு நாளையும் நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும். உங்கள் மனைவி சம்பளத்துக்குப் போகிறவர், குழந்தையையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இது அவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ராத்திரி டார்ச் அடித்துச் சோதனைக்கு நிறுத்துகிறவர் "டேய், இறங்குடா" என்பார், நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டார், அதையும் இப்போதே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், சரக்கு இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்புகிற லோக்கல் ஓட்டம் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எண்ணூர் பக்கம். காசு குறைவு. ஆனால் ராத்திரி பாப்பாவோடு சாப்பிடலாம். டிரிப் போய்வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி, எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வி: நான் எம்சிஏ படித்துவிட்டு ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை செய்கிறேன். அப்பா லாரி டிரைவர், எனக்கும் வண்டி நன்றாக வரும். பெண்கள் ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்ட முடியுமா அண்ணா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

- ஒரு வாசகி, கரூர்

பதில்: முடியும்மா. சட்டத்தில் ஆண், பெண் என்று பிரிக்கவே இல்லை, மேலே சொன்ன அதே வழிதான் உனக்கும். போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்று ஒருவர், சட்டம் படித்தவர், கணவர் இறந்த பிறகு பிள்ளைகளைக் காப்பாற்ற லாரி ஓட்ட வந்து மாநிலம் மாநிலமாகச் சரக்கு கொண்டுபோனார். வீட்டில் சிரித்தால் அவரைப் பற்றிச் சொல்.

கஷ்டம் வண்டியில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. லோடு ஏற்றும் இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, படுக்கப் பாதுகாப்பான இடம் கிடையாது, இதை மாற்றாமல் டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்புகிற முதலாளிகள் மேல் எனக்குக் கோபம்தான். அப்பா பக்கத்தில் இருக்கிறாரே, அதைவிட நல்ல வாத்தியார் உனக்குக் கிடைக்கமாட்டார், முதல் ஆறு மாதம் அவரோடு போ. வேலை கேட்கும்போது பகல் ஓட்டமாகக் கேள், கரூரிலிருந்து ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் என்று போன அன்றே திரும்புகிற லைன். எந்த டோல்கேட்டில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எங்கே தண்ணீர் வரும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள், உனக்குப் பின்னால் வருகிற பெண்ணுக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.