அதே ராத்திரியில்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக அம்மா படுத்த படுக்கை. வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்கிறேன். ஜெபக்கூட்டத்தில் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சிஸ்டர்' என்கிறார்கள். சொல்லிப் பார்க்கிறேன், வாய் மட்டும்தான் சொல்கிறது. கர்த்தர் ஏதோ ஒரு நோக்கத்தோடு என்னை அழைத்தார் என்று ஒரு காலத்தில் நம்பினேன். இப்போது படுக்கை விரிப்பு மாற்றுவதிலேயே நாள் போய்விடுகிறது. நான் நன்றி கெட்டவளா? கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம்,
ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

திருவிருந்தில் போதகர் வாசிக்கும் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை அடுத்த முறை நிதானமாகக் கேளுங்கள். 'காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று ராத்திரியிலே' இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார், அதாவது நன்றி சொன்னார் என்று வரும். அப்புறம் என்ன நடந்தது? அதே ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று மன்றாடினார். பந்தியில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய். ஸ்தோத்திரம் சொன்னவர் அப்புறம் அழக்கூடாது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சங்கீதங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான்.

வாய் மட்டும் சொல்கிறது என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நோட்டுப் போட்டு தினம் மூன்று நன்றி எழுதினேன். ஜீவன், சுகம், குடும்பம். நாலாம் நாளே அது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். குத்திக் குத்திக் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஒரு நாள் நைட் டியூட்டிக்கு வந்த நர்ஸ், வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, முதல் குத்திலேயே ஊசியை ஏற்றிவிட்டார். அப்பா முகம்கூடச் சுளிக்கவில்லை. அன்றைக்கு நோட்டில் அதை மட்டும்தான் எழுதினேன். ஸ்தோத்திரம் தானாக வந்தது. பெரிய பட்டியலை மூடிவையுங்கள். நேற்று நடந்த ஏதாவது ஒன்று போதும்.

நோக்கத்துக்கு வருகிறேன். இயேசு சுகமாக்கிய, சீஷன் பேதுருவின் மாமியாரைப் பற்றி மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதியிருப்பது கொஞ்சம்தான். ஜுரம் விட்டது, 'அவர்களுக்குப் பணிவிடைசெய்தாள்' (1:31). பத்தாம் அதிகாரத்தில் இயேசு, தாம் 'ஊழியஞ்செய்யவும்' ஜீவனைக் கொடுக்கவும் வந்ததாகச் சொல்கிறார் (10:45). கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். நம்முடைய மொழிபெயர்ப்பில் அந்த அம்மாள் செய்தது பணிவிடை, ஆண்டவர் செய்தது ஊழியம் என்று பிரிந்துவிட்டது. நாமும் அதற்கேற்றபடி மேடையை ஒரு பக்கமும் படுக்கை விரிப்பை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டோம். உங்கள் அழைப்பு எங்கேயும் தொலைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் தனியாகவே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கூட்டத்தை விடாதீர்கள், ஆனால் அடுத்த வாரம் கொஞ்சம் வாய்விட்டுக் கேளுங்கள். கெத்செமனேயில் இயேசுவே சீஷர்களிடம் 'ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா' என்று கேட்டார். ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னவர்களில் ஒருவரிடமே, வாரத்தில் ஒரு மத்தியானம் வந்து அம்மா பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அந்த நேரம் தூங்குங்கள்.