ஜிம்மி தடை தாண்ட ஒன்றரை லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். துறைமுகச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. பிடித்தம் போக 41,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தையலில் மாதம் 14,000 சம்பாதிக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் போன வருடம் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தாள். ஜிம்மி என்று பெயர், இப்போது 14 மாதம். குட்டியாக இருந்தபோது பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது கிரெடிட் கார்டில் தேய்த்ததில் இன்னும் 38,000 பாக்கி. மாதம் 2,500 கட்டியும் குறைய மாட்டேன் என்கிறது.

மகள் இப்போது 'டாக் அஜிலிட்டி' என்கிற தடை ஓட்டத்தில் பைத்தியமாக இருக்கிறாள். ஜிம்மியும் துறுதுறு. மொட்டை மாடியில் போட ஒரு வெளிநாட்டு செட் 66,000, ஈசிஆர் பக்கம் பயிற்சி ஆறு மாதத்துக்கு மொத்தமாக 48,000, சனி ஞாயிறு டாக்ஸிக்கு 36,000. ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் தருவதாக வங்கியிலிருந்து போன் மேல் போன். 16 சதவீத வட்டி, மூன்று வருடம். இல்லையென்றால் தெருவில் ஒரு அக்கா நடத்தும் ஒரு லட்ச ரூபாய் சீட்டு இருக்கிறது. மாதம் 5,000, இருபது மாதத்தில் 11 முடிந்துவிட்டது. இந்த மாதம் 22,000 தள்ளி எடுத்தால் 78,000 வரும். எல்லாச் செலவும் போக மாதம் 4,000 மிஞ்சுகிறது. மனைவியிடம் 3 சவரன் நகை உண்டு. போட்டிகளில் பரிசு வாங்கினால் கடனை அடைத்துவிடலாம் என்பது மகளின் கணக்கு. இளவயதில் குத்துச்சண்டை ஆடிய என் மாமனாரோ, "நாயை ஓடவிட லோனா?" என்று சிரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மகளின் கணக்கை முடித்துவிடுவோம். இந்த விளையாட்டில் கோப்பை கிடைக்கும், ரிப்பன் கிடைக்கும், நாலு பேர் கைதட்டுவார்கள். கடன் அடைக்கிற அளவுக்குப் பரிசுப் பணம் கிடையாது. இது வீட்டுக்காரர்கள் கைக்காசைப் போட்டு ஆசைக்கு ஆடுகிற ஆட்டம். அதனால் இதற்கான பணம் மிச்சத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஒன்றரை லட்சத்துக்கு 16 சதவீதம், 36 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 5,270 ரூபாய். உங்களுக்கு மிஞ்சுவது 4,000. முதல் மாதமே 1,270 துண்டு விழும், அதையும் அந்தக் கார்டில்தான் தேய்ப்பீர்கள். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 40,000-ஐத் தொடும். போன் செய்கிறவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவருக்கு மாதக் கடைசிக்குள் டார்கெட்.

சீட்டுக் கணக்கும் சரியில்லை. ஒன்பது மாதம் பொறுத்தால் கிட்டத்தட்ட முழு லட்சமும் வரப்போகிற இடத்தில் இன்று 78,000-க்கு எடுப்பது, 78,000 கடன் வாங்கி ஒன்பது மாதத்துக்கு 22,000 வட்டி கட்டுவதற்குச் சமம். கசரில், அதாவது தள்ளிய தொகையை எல்லோருக்கும் பிரிப்பதில், உங்கள் பங்காக ஆயிரம் சொச்சம் திரும்பி வந்தாலும், ஒரு வருடத்துக்கு விரித்துப் பார்த்தால் அந்த பர்சனல் லோனைப் போல இரண்டு மடங்கு வட்டி. தள்ளி எடுக்காதீர்கள், கடைசி வரை போங்கள். அந்த அக்கா பதிவு செய்யாமல்தான் நடத்துகிறார் என்று நினைக்கிறேன். 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டம் தரும் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. பாதியில் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்பதால் இதை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் கட்டியதற்கு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த சீட்டைப் பதிவான இடத்தில் போடலாம்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? அதற்கு முன்னால் ஜிம்மியின் வயதைப் பார்க்க வேண்டும், விடை அங்கேதான் இருக்கிறது. இந்த ஓட்டத்துக்குப் பன்னாட்டு விதி எழுதுவது பெல்ஜியத்தில் இருக்கும் எஃப்.சி.ஐ. (ரேஷன் அரிசி அனுப்புகிற எஃப்.சி.ஐ. இல்லை, இது நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு.) 18 மாதம் நிறையாத நாயை அவர்கள் போட்டிக்குச் சேர்ப்பதில்லை. வளரும் நாயின் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்தெலும்பு இறுகுவதற்கு முன் உயரம் தாண்ட வைத்தால் மூட்டு கெடும். ஜிம்மிக்கு இன்னும் நாலு மாதம் முழு உயரத் தடையே கூடாது. அப்படியிருக்க, இன்று 66,000-க்குத் தடைகளை வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? சீட்டு முடியும்போது ஜிம்மிக்கு 23 மாதம் ஆகியிருக்கும். உடம்பும் தயார், பணமும் தயார். அவசரப்படுவது நீங்கள் மட்டும்தான்.

மொட்டை மாடியை மறந்துவிடுங்கள். சிமெண்டுத் தரையில் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கினால் மூட்டுக்கும் பாதத்துக்கும் கேடு. வெயில் ஏறினால் தரை தோசைக்கல். இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் உள்ள மாடியில் ஒரு நாய்க்குத் தாண்டக் கற்றுக்கொடுப்பது எனக்கு நினைத்தாலே பதறுகிறது. அது கற்ற வித்தையை எந்தச் சுவரில் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? வாடகை வீடு வேறு. பக்கத்துப் பள்ளி மைதானத்திலோ குடியிருப்பு மைதானத்திலோ விடிகாலையில் அரை மணி நேரம் அனுமதி கேட்டுப் பாருங்கள். மண் தரைதான் வேண்டும்.

கருவிகளும் பெரிய விஷயமில்லை. 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தைப் பிடித்து வைக்கக் குதிரைத் தாண்டலைப் பார்த்து உருவாக்கிய வேடிக்கைதான் இது. பிறகுதான் விதி, மதிப்பெண் எல்லாம் வந்தன. வளைந்து வளைந்து ஓடும் கம்பங்கள் 12, ஒன்றுக்கொன்று 60 செ.மீ. இடைவெளி. பிவிசி குழாயை அறுத்து மண்ணில் நட்டால் முடிந்தது. தடைக்கும் குழாய்தான், ஆனால் கட்டி வைக்காதீர்கள், கால் பட்டால் குச்சி கீழே விழ வேண்டும். இப்போதைக்குத் தரையிலேயே கிடக்கட்டும். ஏ வடிவச் சரிவையும் ஏறி இறங்கும் சீசா பலகையையும் மட்டும் தச்சு வேலையாக வீட்டில் முயலாதீர்கள். உடைந்தால் மருத்துவச் செலவு செட்டின் விலையைத் தாண்டும், அவற்றைப் பயிற்சி இடத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

களத்தில் கயிறு கிடையாது. ஓட்டுகிறவர் நாயைத் தொடவும் கூடாது. குரலும் கையசைவும் உடல் திரும்பும் திசையும்தான். ஒரு குச்சியைத் தட்டினால் 5 பிழைப் புள்ளி, தடையை மூன்று முறை மறுத்தால் வெளியே. அப்படியென்றால் முதல் ஆறு மாதம் ஜிம்மி கற்க வேண்டியது நில், வா, காத்திரு, நான் திரும்பும் பக்கம் திரும்பு என்பதைத்தான். அதற்குத் தினமும் ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு வேளை, கையில் கொஞ்சம் வேகவைத்த கோழி. மகள் செய்ய வேண்டிய வேலை இது, காசு கொடுத்து வாங்க முடியாது.

பயிற்சியாளர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு வகுப்பு போதும், அதுவும் உங்கள் பக்கம் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மெட்ரோவில் செல்லப்பிராணிகளை ஏற்ற மாட்டார்கள், அதனால்தான் டாக்ஸி 36,000-ஐ விழுங்குகிறது. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். என் பையனை நீச்சலுக்குச் சேர்த்தபோது தள்ளுபடி என்றார்களே என்று ஒரு வருடத்துக்குக் கட்டினேன். மூன்றாவது வாரம் அவனுக்குச் சதுரங்கம் பிடித்துப்போனது. கட்டிய பணம் குளத்தோடு போச்சு. உங்கள் மகள் அப்படி இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடசென்னையில் தண்ணீர் தேங்கும் நாட்களில் யார் வகுப்புக்குப் போகப்போகிறார்கள்? வகுப்புக்கு வகுப்பு காசு கொடுங்கள்.

இன்னொன்று, ஜிம்மி நாட்டு நாய். எஃப்.சி.ஐ. உலகப் போட்டிக்கு வம்சச் சான்று வேண்டும், ஆக அந்தக் கனவு இப்போதே வேண்டாம். உள்ளூர்ப் போட்டிகளில் சேர்ப்பதும் சேர்க்காததும் நடத்துகிறவர் வைக்கும் விதி. நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது, சந்தேகம் என்றால் நேரில் போய் விசாரிக்கலாம்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். அஜிலிட்டியை விட அந்த 38,000 தான் எனக்குக் கவலை. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 1,330, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 1,570. நீங்கள் கட்டும் 2,500-இல் அசலுக்குப் போவது 930 தான். ஜிம்மி பிழைத்து வளர்ந்துவிட்டது, அதன் காய்ச்சலுக்கு இன்னும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மனைவி சம்மதித்தால் நகையில் ஒரு சவரனை மட்டும் வங்கியில் வைத்து 38,000 எடுங்கள். இன்றைய தங்க விலைக்கு ஒரு சவரன் தாராளம், மூன்றையும் வைக்காதீர்கள். தெருமுனை அடகுக் கடையும் வேண்டாம். வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 320-க்குள். கார்டு பாக்கியை ஒரே அடியில் முடித்துவிட்டு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மறுபடி தேய்த்தால் நகையும் போய்க் கடனும் நிற்கும். இப்போது கார்டுக்குப் போன 2,500-உம் மிச்சமான 4,000-உம் சேர்ந்து 6,500. அதில் 4,000 நகைக் கடனுக்கு. இடையிடையே அசலில் கட்டலாமா என்று வங்கியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1,500 ஜிம்மி பெயரில். மீதி 1,000 பயிற்சிக்கும் பிவிசி குழாய்க்கும். சீட்டு முடியும் மாதத்தில் நகைக் கடன் ஏறக்குறைய தீர்ந்திருக்கும், ஜிம்மி கணக்கில் 13,500 இருக்கும்.

அந்த 1,500-ஐத் தபால் நிலைய ஆர்.டி.யில் போடாதீர்கள். அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் ஆகாமல் முடிக்க முடியாது. நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் மூன்று வருடம் காத்திருக்குமா? தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும், ஏடிஎம் கார்டை மனைவி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை அவசரம் என்றால் நேராக வேப்பேரிக்குப் போங்கள். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. வரிசை நீளம், காத்திருக்க வேண்டும், ஆனால் பில்லைப் பார்த்து மயக்கம் வராது. வருடாந்திரத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் நடக்கும் நாய்க்கு எலிக் காய்ச்சல் வரும், அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாநகராட்சி உரிமம் எடுத்துவிட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை. ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். இவ்வளவு நெருக்கமான தெருக்களில் ஜிம்மி யாரையாவது கடித்துவிட்டால், அது உங்கள் கவனக்குறைவு என்றானால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கடிபட்டவரின் சிகிச்சைச் செலவு தனி. அதனால்தான் நாய்க் காப்பீடு எடுத்தால் சிகிச்சைத் தொகையை விட மூன்றாம் நபர் இழப்பீடு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன். நாட்டு நாய்க்குத் தருவார்களா, பாலிசி தொடங்கி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், போட்டியில் அடிபட்டால் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

சீட்டுப் பணம் வந்ததும் 75,000-ஐக் குடும்பத்துக்கென்று ஒதுக்குங்கள். அது உங்கள் ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் காணும், மெல்ல ஏற்ற வேண்டும். மீதி 25,000 மகளுக்கும் ஜிம்மிக்கும். அதுவரை தினமும் பயிற்சி செய்ததை ஒரு நோட்டில் அவளையே எழுதச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் நோட்டு நிரம்பியிருந்தால் அந்த 25,000-ஐக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள், ஒரு வெளியூர்ப் போட்டிக்கும் கூட்டிப் போங்கள்.

மாமனார் லோனைப் பற்றிச் சிரித்தது நியாயம்தான். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: சண்டைக்குச் சேர்ந்த முதல் நாளே கையுறை மாட்டி ரிங்குக்குள் விட்டார்களா, இல்லை மாதக்கணக்கில் கயிறு தாண்டவும் கால் வைக்கவும்தான் விட்டார்களா என்று. பதிலை உங்கள் மகள் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பம் நட ஒரு ஆள் வேண்டும், அவரையே கூப்பிடுங்கள்.