பல் சரியாம், தாடைதான் வலிக்கிறது

(பல் வைத்தியத்துக்குப் பின் வரும் தாடை வலி பற்றிய கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் பல ஆண்டு பல் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

மன்னார்குடி, ஆசிரியை: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து கேப் போட்டு நாலு மாசம் ஆகிறது. எக்ஸ்ரேயில் பல் சரி. ஆனால் காதுக்கு முன்னால் வலி, காலையில் வாயே திறக்க வரவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

எடுக்காதீர்கள் அம்மா. காரணம் தெரியாமல் அடுத்த பல்லைப் பிடுங்கினால் வலி அங்கேயே இருக்கும், பல்தான் போயிருக்கும்.

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி ஒரு தசை புடைக்கும். அதை அழுத்தும்போது உங்கள் வலி அப்படியே வந்தால், கோளாறு பெரும்பாலும் தசையில். காலையில் இறுக்கம் என்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களோ என்று சந்தேகம். கேப்பையும் பார்க்க வேண்டும். மரத்துப்போன வாயில் கடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். ஒரு முடியளவு உயர்ந்திருந்தாலும் தாடை நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும். கார்பன் தாளைக் கடிக்கச் சொன்னால் எங்கே இடிக்கிறதென்று கறை காட்டிவிடும், அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார்கள்.

அதுவரை குழைந்த சாதம், இட்லி. முறுக்கும் கரும்பும் வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியால் கால் மணி நேரம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையைக் கொடுங்கள். சாப்பிடாத நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டாம்.

திருவையாறு: ஞானப்பல் எடுத்து மூணு நாள். வலி குறையாமல் கூடுகிறது, காது வரை இழுக்கிறது. வாடையும் அடிக்கிறது.

குழியில் உறைந்திருந்த ரத்தம் கழன்று எலும்பு தெரிகிறது போலிருக்கிறது. எடுத்தவரிடமே இன்றைக்குப் போங்கள். கழுவி மருந்து வைத்தால் சீக்கிரம் அடங்கும். சிகரெட் கூடாது.

மயிலாடுதுறை: மரக்க ஊசி போட்டு இரண்டு வாரம். வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது.

பெரியவர்களுக்கு மூன்று விரல் நுழைய வேண்டும், சுமார் 35 முதல் 50 மில்லிமீட்டர். ஊசி தசையில் பட்டால் இப்படி இறுகும், பெரும்பாலும் சில வாரங்களில் தளரும். ஒத்தடம் கொடுத்து மெதுவாகத் திறந்து பழகுங்கள். காய்ச்சலோ, வீக்கமோ, விழுங்கச் சிரமமோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், வெற்றிலை சீவல் போடுவீர்களா?

அவரே: தினமும் அஞ்சாறு தடவை. அதற்கும் இதற்கும் என்ன?

காரம் பட்டால் வாய் எரிகிறதா? கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறதா? பாக்கில் இருக்கும் அரிக்கோலின், தோலுக்கு அடியில் நாரைப் படிய வைக்கும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொள்ளும், பழி கடைசியில் ஊசி மேல் விழும். இது புற்றுநோயாகவும் மாறலாம். சீவலை இன்றோடு நிறுத்திவிட்டு வாயைக் காட்டுங்கள்.

பாபநாசம், கொடிக்கால் வைத்திருப்பவர்: கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நீங்கள் அதைப் பழிக்கிறீர்கள்.

வெற்றிலையை நான் ஒன்றும் சொல்லவில்லையே ஐயா. குற்றவாளி பாக்கு.

திருவாரூர்: என் தாத்தா 88 வயது வரை போட்டார்.

வாய் எத்தனை விரல் திறந்தது என்று பார்த்தீர்களா?

திருவாரூர்: கடைசிக் காலத்தில் கஞ்சிதான் குடித்தார். ஆனால் அவர் புகையிலை தொட்டதில்லை.

புகையிலை இல்லாத தாம்பூலமும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே எழுதிவிட்டது. சரி, தாடைக்கு வருவோம்.

நாகப்பட்டினம்: கேப் போட்டதிலிருந்து வலி. பக்கத்துப் பல்லை எடுத்தால் போகுமா?

போகாது. மன்னார்குடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருத்துறைப்பூண்டி: முகம் கழுவினாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி சில நொடி வலி. இரண்டு பல் எடுத்தும் நிற்கவில்லை.

இது முக நரம்பு வலியாக இருக்கலாம். சாதாரண வலி மாத்திரை கேட்காது. நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், கார்பமசெபின் போன்ற மருந்து தருவார். மூன்றாவது பல்லாவது வாயில் இருக்கட்டும்.

வேதாரண்யம்: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. நடந்தால் இடது தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. போன மாதம் பல் அடைத்தோம், அதனாலா?

பல்லை விடுங்கள், இது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். இன்றே ஈசிஜி எடுங்கள். நின்ற பிறகும் வலி போகாவிட்டால் 108.

பட்டுக்கோட்டை: டாக்டர், வலிக்கிற பல்லுக்குப் பக்கத்துப் பல்லை...

மன்னார்குடி.